பையோடு சேர்த்து எடை போடுங்கள்

புதுச்சேரி அரசு வேலையில் இருக்கிற ஒருவர் தம் யூனியன் பிரதேசத்தை ஒரு சுற்று சுற்றி வருவதென்றால் தென்னிந்தியாவையே சுற்றியாக வேண்டும். காரைக்கால் தெற்கே காவிரி டெல்டாவில், மாஹே கேரளத்துக் கடலோரத்தில், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில். தணிக்கைக்கும் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் போகிறவர்கள் இப்படி. தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு வேறு அலைச்சல்: திங்கட்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை பஸ், வெள்ளிக்கிழமை இரவு திரும்பல், அல்லது பெங்களூருக்கு ராத்திரி பஸ். மொழிபெயர்ப்பாளர்கள், சுற்றுலா வழிகாட்டிகள், ஆரோவில்லுக்கும் நகரத்துக்கும் ஸ்கூட்டரில் ஓடுகிற வடிவமைப்பாளர்கள் என்று இன்னொரு கூட்டம்.

இவர்கள் எல்லோரும் கடையில் கேட்பது ஒன்றுதான்: "லைட் வெயிட்டா ஒண்ணு காட்டுங்க." கடைக்காரர் ஒரு கையால் லேப்டாப்பைத் தூக்கிக் காட்டுவார். நம் கையிலும் கொடுப்பார். சிட்டாக இருக்கும். சார்ஜர் அந்த நேரத்தில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தோளில் தொங்கப்போவது லேப்டாப் மட்டுமில்லை. சார்ஜர், அதன் கம்பி, பவர் பேங்க், புரொஜெக்டருக்கு ஒரு இணைப்பான், மழைக்கு ஒரு உறை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்ததுதான் எடை. ஒரு கிலோவுக்குள் இருக்கும் லேப்டாப்பை அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டு, அதோடு முக்கால் கிலோ உபகரணங்களைச் சுமப்பவர்கள் உண்டு. 1.3 கிலோ லேப்டாப்பும் கைக்கடக்கமான ஒரு சார்ஜருமாக நிம்மதியாகப் போய்வருபவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் சேர்வது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எண்களை முதலில் கையில் வைத்துக்கொள்வோம். சாதாரண 15.6 அங்குல லேப்டாப் 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். விளையாட்டுக்கான லேப்டாப் இரண்டு கிலோவைத் தாண்டும், அதன் சார்ஜரே அரை கிலோவுக்கு வரும். 13, 14 அங்குல மெல்லிய ரகங்கள் 1.2 முதல் 1.4 கிலோ. ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. அதற்கும் கீழே ஒரு சிறு கூட்டம் இருக்கிறது: ஹெச்பி பெவிலியன் ஏரோ 13, அசூஸ் ஜென்புக் ஏ14, லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 13ஆம் தலைமுறை (986 கிராமிலிருந்து) ஆகியவை ஒரு கிலோவுக்குள் நிற்கின்றன. எல்ஜி கிராம் வரிசையில் 17 அங்குலத் திரையோடே 1.35 கிலோவில் செய்து காட்டினார்கள்.

ஒரு கிலோவுக்குள் செய்வது புதிய வித்தையும் இல்லை. 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற 'கையில் எடுத்துச் செல்லும்' கணினி சுமார் 11 கிலோ. அதற்குள் பேட்டரியே கிடையாது, போகிற இடத்தில் பிளக் தேட வேண்டும். 2007இல் அசூஸ் விட்ட ஈ பிசி 920 கிராம்தான். ஆனால் ஏழு அங்குலத் திரை, விரல் இடிக்கும் கீபோர்டு, மெதுவான பிராசஸர். அந்த ரகம் சில ஆண்டுகளில் மறைந்து போனது. அடுத்த ஆண்டே வந்த முதல் மேக்புக் ஏர் 1.36 கிலோ. ஈ பிசியைவிட அரைக் கிலோ அளவுக்குக் கனம்தான், ஆனால் முழு அளவு கீபோர்டு இருந்தது. இன்று நாம் தூக்குவதெல்லாம் அதன் வழி வந்தவை.

லேப்டாப்பின் எடையை எங்கே குறைக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். திரைக் கண்ணாடி, உலோக உடல், விசிறியும் வெப்பக்குழாயும், பேட்டரி. இவற்றில் குறைக்கச் சுலபமானது பேட்டரி. லித்தியம் பேட்டரியில் 30 வாட்-அவர் கொள்ளளவைக் குறைத்தால் ஏறத்தாழ 100 முதல் 150 கிராம் மிச்சமாகும். விளம்பரத்தில் "999 கிராம்" என்று போட்டுக்கொள்ளலாம். நாம் என்ன செய்வோம்? மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுமே என்று 300 கிராம் சார்ஜரையும், லேப்டாப்புக்குச் சக்தி தரும் பெரிய பவர் பேங்கையும் பையில் போடுவோம். அந்தப் பவர் பேங்க் மட்டுமே 400 கிராம் இருக்கும். மிச்சம் பிடித்தது 130 கிராம், ஏற்றிக்கொண்டது 700.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய எண் கிராம் இல்லை, வாட்-அவர். பேட்டரியின் கொள்ளளவு இந்த அலகில் பெட்டியிலோ நிறுவனத்தின் விவரப் பக்கத்திலோ இருக்கும். மெல்லிய லேப்டாப்களில் 40இலிருந்து 75 வரை பார்க்கலாம். எழுதுவது, மின்னஞ்சல், இணையம் என்ற அளவில் வேலை செய்யும்போது சிக்கனமான லேப்டாப் 6 முதல் 8 வாட் வரை இழுக்கும். 55 வாட்-அவரை 7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8 மணி நேரம். வீடியோ அழைப்பு என்றால் இழுவை இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். "18 மணி நேரம்" என்று நிறுவனம் சொல்வது பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ ஓடவிட்டு எடுத்த கணக்கு. அதை வேறு லேப்டாப்போடு ஒப்பிடப் பயன்படுத்தலாம், நம் நாளைத் திட்டமிடப் பயன்படுத்த முடியாது. என் கணக்கு இது: சென்னைக்குக் காலையில் போய் இரவில் திரும்புகிறவருக்கு 55 வாட்-அவர் போதும். பஸ்ஸில் வேலை செய்கிறவர் 65க்கு மேல் பார்க்கலாம். 45க்குக் கீழே இருந்தால், எடை எவ்வளவு குறைந்தாலும் பயணத்துக்கு அது வேண்டாம்.

அடுத்தது சார்ஜர். பழைய மாதிரி உருண்டை முனை சார்ஜர் உள்ள லேப்டாப்பை இனி பயணத்துக்கு வாங்காதீர்கள். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆவதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உள்ளங்கையில் அடங்குகிற 65 வாட் சார்ஜர் ஒன்றே லேப்டாப்புக்கும் போனுக்கும் போதும். இந்தச் சிறிய சார்ஜர்களில் சிலிக்கனுக்குப் பதில் காலியம் நைட்ரைடு என்ற பொருளில் செய்த சில்லுகள் இருக்கின்றன. சூட்டில் குறைவாக இழப்பதால் பெட்டியும் சிறிது. எடை 120 கிராம் அளவில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் யூஎஸ்பி-சியைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. உலகத்துக்கே ஒரே மாதிரி தயாரிக்கிற நிறுவனங்கள் இந்தியாவுக்கு மட்டும் தனி முனை வைக்க மெனக்கெடுவது குறையும். ஒரு எச்சரிக்கை: யூஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அது சார்ஜ் ஏற்கும் என்று அர்த்தமில்லை. விலை குறைந்த சில மாடல்களில் அந்தத் துளை கோப்புகளை மாற்ற மட்டும்தான். கடையிலேயே வேறு ஒரு யூஎஸ்பி-சி சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

பிளக்கையும் பாருங்கள். சில லேப்டாப்களோடு வரும் கம்பியின் முனையில் ஏசிக்குப் போடுகிற மாதிரி பெரிய மூன்று முள் பிளக் இருக்கும். வீட்டில் சமாளிக்கலாம், பழைய விடுதி அறையிலும் ரயிலிலும் அது நுழையாது.

ரயில் என்றதும் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு. புதுச்சேரியிலிருந்தே புதுடெல்லிக்கும் ஹவுராவுக்கும் நேரடி ரயில் உண்டு, ஏறக்குறைய ஒன்றரை நாள் உள்ளே இருக்க வேண்டும். நம் ரயில் பெட்டிகள் பலவற்றில் சார்ஜ் துளையில் வருவது வீட்டு மின்சாரமான 230 வோல்ட் இல்லை, 110 வோல்ட். சார்ஜரில் "100-240" என்று அச்சாகியிருந்தால் அதற்குக் கவலையில்லை, லேப்டாப் சார்ஜர்களில் அநேகமாக அப்படித்தான் இருக்கும். இரண்டாவது, தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை இந்தத் துளைகளில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி ரயில்வே அறிவுறுத்தியிருக்கிறது. ராத்திரி செருகிவிட்டுத் தூங்கினால் காலையில் முழுதாக ஏறியிருக்கும் என்று நம்பக்கூடாது. படுப்பதற்கு முன்பே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

விமானத்துக்கு வேறு கணக்கு. 2024 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இண்டிகோ சேவை தொடங்கியது. ஓடுவது ஏடிஆர் என்ற சிறு விமானம். தலைக்கு மேலுள்ள பெட்டி அறை சின்னது. கைப்பை கொஞ்சம் பெரிதாக இருந்தால் படிக்கட்டருகே வாங்கிக் கீழே சரக்கறையில் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க் சரக்கறைக்குப் போகக் கூடாது, லேப்டாப்பையும் அங்கே விடக் கூடாது. எனவே லேப்டாப்பும் பவர் பேங்கும் சட்டென்று உருவி எடுக்கிற மாதிரி தனி உறையில் இருக்கட்டும். பேட்டரி 100 வாட்-அவருக்குள் இருந்தால் கேள்வி இல்லை. 100க்கும் 160க்கும் நடுவில் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெரிய லேப்டாப்களின் பேட்டரி 99இல் வந்து நிற்பதற்குக் காரணம் இந்த விதிதான். பவர் பேங்கில் மில்லி ஆம்பியர்தான் பெரிதாகப் போட்டிருக்கும். 20,000 என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 74 வாட்-அவர், தாராளமாகக் கொண்டுபோகலாம். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. அதிலிருந்து பார்த்தால் அரைக் கிலோ மிச்சம் என்பது இரண்டு சட்டை.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். புதுச்சேரிக்கென்று ஒரு எதிரி உண்டு, உப்புக்காற்று. கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். காற்றில் மிதக்கும் உப்புத் துகள் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தில் படிகிறது. லேப்டாப்புக்குள் செம்புத் தடங்களும் நுண்ணிய இணைப்பு முனைகளும் இருக்கின்றன. துலக்காத செம்புக் குடத்தில் களிம்பு ஏறுவது போல அவற்றிலும் ஏறும். ஒரு நாள் சார்ஜ் துளை தொட்டால் ஏற்கும், நகர்த்தினால் விடும். கீபோர்டில் ஒரு எழுத்து மட்டும் வேலை செய்யாது.

இந்த ஊரில் விசிறி இல்லாத லேப்டாப்புக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது இதனால்தான். விசிறி உள்ளது எதுவும் வெளிக்காற்றை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றோடு தூசியும் உப்பும் ஈரமும் உள்ளே போகும். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லோடு விட்ட மேக்புக் ஏர் முதல் அந்த வரிசையில் விசிறியே கிடையாது. அதற்கு ஒரு விலை உண்டு: நீண்ட நேரம் வீடியோ தொகுத்தால் சூடு ஏறும், வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மே மாதத்தில் இன்னும் சீக்கிரம் குறைத்துக்கொள்ளும். எழுத்து, கணக்கு, மொழிபெயர்ப்பு, பாடம் நடத்துவது போன்ற வேலைக்கு அது தெரியவே தெரியாது. விண்டோஸ் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் விசிறி இருக்கும். பரவாயில்லை, ஆண்டுக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருப்பவர்களும்தான்.

தினமும் ஓடுகிற லேப்டாப்பைவிட அலமாரியில் கிடக்கிற லேப்டாப்தான் உப்புக்கு இரையாகும். ஓடும்போது வரும் இளஞ்சூடு ஈரத்தைப் போக்கிவிடும். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, பேட்டரியைப் பாதி ஏற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

ஈரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. குளிர்சாதனப் பஸ்ஸில் நாலு மணி நேரம் குளிர்ந்த லேப்டாப்பை, புதுச்சேரிப் பேருந்து நிலையத்துப் புழுக்கத்தில் இறங்கியதும் திறந்தால் உலோகத்தின் மேல் நீர் பூக்கும். மூக்குக்கண்ணாடி மங்குவதும் அதனால்தான். பையிலேயே அரைமணி நேரம் இருக்கட்டும். ஆப்பிள் தன் லேப்டாப்புக்குச் சொல்லும் இயங்கு வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை. நம் கோடைப் பகல் அதைத் தாண்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். எஞ்சின் சூடும் குலுக்கலும் பேட்டரிக்கு ஆகாது. முதுகில் மாட்டிக்கொள்வதுதான் சரி. அப்படிப் பார்த்தால் எடை குறைவான லேப்டாப்பால் பஸ்ஸில் போகிறவரைவிட ஸ்கூட்டரில் போகிறவருக்குத்தான் லாபம் அதிகம்.

மழைக்காலம் தனிக்கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நகரின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது, வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. 2011 டிசம்பரில் வந்த தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நீண்ட இருட்டு நினைவிருக்கும். அந்த நாட்களில் பேட்டரி கொள்ளளவு சொகுசு இல்லை. யூஎஸ்பி-சி லேப்டாப்புக்கு இங்கே இன்னொரு அனுகூலம்: தக்க சார்ஜர் இருந்தால் கார் பேட்டரியிலிருந்தும் ஏற்றலாம். பைக்கு மழை உறை இருந்தாலும் உள்ளே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவர் வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் தையல் வழியாகத் தண்ணீர் இறங்காத பையை நான் கண்டதில்லை.

பெட்டியின் மேல் "ராணுவத் தரம்", "மில் ஸ்டாண்டர்டு 810ஹெச்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஒரு சோதனை முறைத் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உப்புப் பனிச் சோதனையும் அந்தத் தொகுப்பில் உண்டு. செய்தார்களா என்று விவரப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். கீபோர்டில் சிந்தியதை வடியவிடும் துளைகள் திங்க்பேட் வகையில் இருக்கின்றன. காபி குடித்துக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கு அது எந்த முத்திரையையும்விடப் பெரிது.

இனி இந்த ஊருக்கு மட்டுமே உரிய கேள்வி: பிரான்ஸிலிருந்து வாங்கி வரலாமா?

முன்பு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்று அங்கேயும் இங்கேயுமாக இருக்கிறார்கள். லீவுக்கு வரும் மாமா கையில் லேப்டாப் வருவது இங்கே பல வீடுகளில் சகஜம். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம். பிரான்ஸில் விலையோடு 20 சதவீத வரி சேர்ந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் 100 யூரோவுக்கு மேல் வாங்கி, மூன்று மாதத்துக்குள் ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் காகிதத்தைப் பதிவு செய்தால் அந்த வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். இதில் பார்ப்பது குடியிருப்பை, பாஸ்போர்ட்டின் நிறத்தை இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு புதுச்சேரியில் வசிப்பவருக்கும் உண்டு, பாரிஸில் வசிக்கும் மாமாவுக்குக் கிடையாது.

விலை சரிவரலாம். சிக்கல் கீபோர்டில். பிரான்ஸில் விற்பது அஸெர்ட்டி என்ற விசை அமைப்பு. நம் க்வெர்ட்டியில் ஏ இருக்கும் இடத்தில் அங்கே க்யூ, டபிள்யூ இடத்தில் இசட். எம் எழுத்து எல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எண் அடிக்க ஷிஃப்டை அழுத்த வேண்டும். கணக்கு வேலை செய்கிறவருக்கு இந்த ஒன்றே போதும், ஓடிவிடுவார். மென்பொருளில் க்வெர்ட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் விசையில் அச்சான எழுத்து மாறாது. விசை பார்க்காமல் தமிழ்99 முறையில் அடிக்கிறவர்களுக்கு மட்டும் இது ஒரு பொருட்டில்லை. அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலுமாக இடம் பார்த்துத்தான் அமைந்திருக்கின்றன, விசை மேல் என்ன அச்சடித்திருந்தால் என்ன. ஆங்கில ஒலிப்படி தமிழ் அடிக்கிறவர்கள் தடுமாறுவார்கள்.

பிரெஞ்சு எழுத வேண்டும் என்பதற்காக அஸெர்ட்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லை. இங்கே வாங்கிய சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' கீபோர்டைச் சேர்த்துக்கொண்டால், ஒற்றை மேற்கோள் குறியை அழுத்தி இ அடித்தால் மேலே கோடு போட்ட இ வந்துவிடும், சி அடித்தால் வால் வைத்த சி. மேக்கில் எழுத்தை அழுத்திப் பிடித்தாலே வரிசையாகக் காட்டும். அலியான்ஸ் பிரான்சேஸில் படிக்கிறவருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தில் ஆய்வு செய்கிறவருக்கும் இது போதும்.

மின்சாரம் இரு நாட்டிலும் ஒன்றே: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் வேறு. பிரெஞ்சு பிளக்கின் இரண்டு உருண்டை முள்ளும் நம் துளையில் போகும், ஆனால் தொளதொளவென்று இருக்கும், பூமிக் கம்பியும் சேராது. உலோக உடல் லேப்டாப்பில் மணிக்கட்டு வைத்தால் சுருசுருவென்று உணர்வது இதனால்தான். சார்ஜர் பெட்டியிலிருந்து கழற்றக்கூடிய கம்பியாக இருந்தால் இங்கே மூன்று முள் கம்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான்.

உத்தரவாதம்தான் பெரிய விஷயம். ஐரோப்பாவில் சட்டப்படி இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு, ஆனால் அந்தப் பொறுப்பு விற்ற கடைக்கு. கடை துலூஸில், லேப்டாப் முத்தியால்பேட்டையில் என்றால் அதனால் பயனில்லை. நிறுவனம் தரும் உத்தரவாதம் நாடு கடந்து செல்லுமா என்பது பிராண்டுக்குப் பிராண்டு, மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் சீரியல் எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் இந்திய இணையப் பக்கத்தில் பார்த்துவிடுவது நல்லது. கீபோர்டு உடைந்தால் அஸெர்ட்டி உதிரி இங்கே கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் கூட்டிக் கழித்தால், விலை வித்தியாசம் கணிசமாக இல்லாத வரை இங்கேயே வாங்குவது மேல் என்பது என் கட்சி.

பிரான்ஸிலிருந்து லேப்டாப் வேண்டாம், ஆனால் ஒரு தகவலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2021 ஜனவரி 1 முதல் அங்கே விற்கும் லேப்டாப்களுக்குப் பழுதுபார்க்கும் வசதிக்கான மதிப்பெண்ணைப் பத்துக்கு இத்தனை என்று விலையருகே காட்ட வேண்டும் என்று சட்டம். கழற்றுவது எத்தனை சுலபம், உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், அதன் விலை என்ன, பழுதுபார்க்கும் குறிப்புகளை வெளியிடுகிறார்களா என்பதையெல்லாம் வைத்துப் போடும் எண். இங்கே விற்கும் பல மாடல்கள் அங்கேயும் விற்கின்றன. வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் இருந்தால், அங்குள்ள கடைகளின் இணையப் பக்கத்தில் அதே மாடலைத் தேடி அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். மெல்லிய லேப்டாப்பில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா, திருகாணி போட்டிருக்கிறார்களா என்று விற்பவருக்கே தெரியாத விஷயம் இதில் வெளிவந்துவிடும். உப்புக்காற்று ஊருக்கு இது முக்கியம்.

உள்ளே இருப்பவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரேம் 16 ஜிபி. மெல்லிய லேப்டாப்களில் ரேம் பலகையோடு பற்றவைத்தே வருவதால் பிறகு கூட்ட முடியாது, 8 வாங்கிவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவருவதால் இந்த 16 இப்போது முன்பைவிடக் கடிக்கும். ஆனாலும் குறைக்கக் கூடாத இடம் அதுதான். சேமிப்பு 512 ஜிபி போதும்.

பிராசஸரில் ஒரே ஒரு கவனம். ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லு வைத்த விண்டோஸ் லேப்டாப்கள் 2024 முதல் வருகின்றன. எடை குறைவு, பேட்டரி பிரமாதம். ஆனால் அவை இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலிருந்து வேறான ஆர்ம் வகை. சாதாரண மென்பொருள்கள் ஓடிவிடும். வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் அந்த வகைக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜிஎஸ்டி, நிறுவனப் பதிவு, அரசு டெண்டர் வேலைகளுக்கு டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுகிற கணக்கர்களும் ஒப்பந்ததாரர்களும், பழைய பிரிண்டரை வைத்திருப்பவர்களும் தங்கள் டோக்கனைக் கடைக்கே கொண்டுபோய்ச் செருகிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். டேலி கணக்கு மென்பொருள் நாள் முழுக்கத் திறந்திருக்கும் அலுவலகம் என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லோடு விண்டோஸ் வாங்கிவிடுங்கள், மேக் பக்கம் போகவே வேண்டாம்.

திரையில் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். அறைக்குள் 300 போதும். வராண்டாவிலும் ஜன்னலோர பஸ் இருக்கையிலும் 400க்கு மேல் வேண்டும், அதுவும் பளபளப்பில்லாத மேற்பரப்பாக இருந்தால் கண்ணுக்கு இதம். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திடீரென்று சாயும்போது 15 அங்குலத் திரையின் மேல்விளிம்பு மாட்டிக்கொள்ளும். 13 அங்குலம் தப்பிக்கும்.

எங்கே வாங்குவது? ஒரு காலத்தில் பாண்டிச்சேரியில் வரி குறைவு என்று கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சாமான் வாங்க வருவார்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு எங்கும் 18 சதவீதம்தான். ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் தொழிலுக்கு வாங்கும்போது அந்த எண்ணைப் பில்லில் போடச் சொன்னால் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். பலர் பில் போட்ட பிறகுதான் நினைத்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? போக வேண்டுமென்றால் எந்த ஊருக்கு? திங்க்பேட் போன்ற அலுவலக வரிசைகளில் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையோடு வாங்க முடியும். சென்னைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்றால் அந்தக் கூடுதல் விலை நியாயமே.

பணம் இடிக்கிறவர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவில் நிறுவனங்கள் கழித்துவிட்ட எக்ஸ்1 கார்பன் மாதிரியான லேப்டாப்கள் கிடைக்கும். உடல் கெட்டி, கீபோர்டு அருமை, எடை 1.1 கிலோ சொச்சம். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க இன்டெல் எட்டாம் தலைமுறை சில்லாவது வேண்டும். அதற்கு முந்தையதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். பிறகு பேட்டரி: நாம் கேட்டால் விண்டோஸ் ஒரு பேட்டரி அறிக்கையைத் தானே எழுதித் தரும். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மேக் என்றால் எத்தனை சுற்று ஏற்றி இறக்கியது என்று காட்டும். ஆப்பிள் சொல்லும் ஆயுள் 1000 சுற்று. கடைக்காரர் அதைக் காட்டத் தயங்கினால் பக்கத்துக் கடைக்குப் போங்கள், ரிச்சி தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.